பொத்தான் தைக்கும் நேரத்துக் கதை

தையல்காரர் பொத்தான் தைக்கும்போது மனைவி கதை வாசித்துக் காட்டுவாள். இந்த வாரம் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய சிறுகதைத் தொகுப்பு. கதைக்குக் கதை மனிதர்கள் அவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள்.

"ஒருத்தர்கூடவா அவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல?" என்று அவர் அழுதேவிட்டார்.

"கதைதானே, விடுங்க."

கண்ணீர் வழக்கம்போல மேல்நோக்கி ஏறி, நெற்றியைத் தாண்டித் தலைமுடிக்குள் போனது. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனவள்தான். இப்போது வெட்டுத்துணி ஒன்றை எடுத்து அவர் நெற்றியை ஒற்றிவிட்டாள்.

அவர் ஊசியை நிறுத்தினார். "கடைசிக் கதையில என்ன ஆகுது?"

அவள் புரட்டிப் பார்த்தாள். அதில் வானத்திலிருந்து ஒரு கப்பல் வந்து, இங்கே தனியாக விடுபட்டுப் போனவனை அவனுடைய வீட்டுக்கு அழைத்துப் போனது.

"இங்கேயே இருந்துடறானாம்" என்று சொல்லி, புத்தகத்தை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.