பெயரில்லாத பிரெஞ்சுக்காரன்

“இதையெல்லாம் வரைஞ்ச பிரெஞ்சுக்காரன் செத்து இருநூறு வருசம் ஆச்சு. பேருகூட யாருக்கும் தெரியாது” என்று வாங்க வந்தவரிடம் பர்மிய மொழியில் கூசாமல் சொன்னார் கடைக்காரர் ஷம்சுதீன்.

செத்தவன் தட்டி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பெயர் அய்யூப். பசுந்தாங் பேட்டையில் அந்தப் பழம்பொருள் கடையின் பின்னறையில் பத்து வருடமாக அவன்தான் பிரெஞ்சுக்காரன்.

கிழிந்த பழைய மாதிரிப் புத்தகம் ஒன்றைப் பார்த்துச் சுருள் இலை, பூச்சரம், சிங்கக்கால் நாற்காலி என்று வரைந்து தள்ளுவான். தாளைத் தேத்தண்ணியில் முக்கிக் காயப்போட்டால் இருநூறு வயது தானாக ஏறிவிடும்.

ஆனால் இப்போது இரண்டு கண்ணிலும் புரை. இன்றைக்கு விலைக்கு வைத்திருந்த தாள்கட்டு முழுவதையும் தாளோடு மூக்கு உரசத் தட்டுத்தடுமாறித்தான் வரைந்திருந்தான். ஒரு சுருளாவது ஒழுங்காக வளைந்திருக்க வேண்டுமே!

“இது மட்டும் வித்துடட்டும் அய்யூபு, திங்கக்கிழமையே கண்ணு ஆப்பரேசன். அல்லா மேல ஆணை” என்று சொல்லியிருந்தார் ஷம்சுதீன்.

அடுத்த மாதம் அய்யூபின் மகள் ஸமீராவுக்கு நிக்காஹ். மணக்கோலத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாத கண் இருந்தென்ன, போயென்ன?

வந்திருந்த அம்மாள் டோ தின், புதிது புதிதாக எழும்பும் ஹோட்டல்களுக்கு அலங்காரச் சாமான் வாங்கிக் கொடுப்பவர். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒரு தாளைத் திருப்பி எடுத்து மறுபடியும் பார்த்தார். தொலைந்தோம் என்று அய்யூப் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“போன தடவை குடுத்தது ரொம்பச் சுத்தமா இருந்துச்சு, எனக்கே சந்தேகம். இதுதான் அசல்! கோடு எப்படி நடுங்குது பாருங்க, பாவம், யாரோ கிழவன் கை. இதே கைல எத்தனை கிடைச்சாலும் எனக்குத்தான் தரணும்” என்றார் டோ தின்.

காசைக் கொடுத்துத் தாள்கட்டை வாங்கிக்கொண்டு அவர் கார் ஏறியதுதான் தாமதம், சுவரைப் பிடித்துக்கொண்டு அய்யூப் வெளியே ஓடிவந்தான். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவனுக்கு.

“ஷம்சுதீன் நானா! தப்பிச்சோம் நானா! திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?”

ஷம்சுதீன் அவனைக் கட்டி அணைத்தார். முதுகில் செல்லமாகத் தட்டினார். ஒரு புதுத் தாள்கட்டை எடுத்து அவன் கையில் திணித்தார்.

“அட கிறுக்கா, கண்ணு சரியாயிட்டா கோடு நேராயிடுமேடா!”