பெராக்சைடு பேரம்

காலை பத்தே முக்கால். பெருந்துறைச் சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் பெராக்சைடு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வேலை நின்றுபோகும்.

சரக்கு வாங்கும் கோகிலவாணியின் பத்து வருடத் தொலைபேசிப் பேச்சைக் கேட்டுப் பேரம் கற்றது பட்டறையின் செயற்கை அறிவு இயந்திரம். பெராக்சைடு வியாபாரி மயில்சாமியின் இயந்திரம் அவரிடம் கற்றது. இரண்டும் காலையிலிருந்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

"மொதல்ல வெலையப் பேசு!" என்று கத்தினாள் கோகிலவாணி.

"எடுத்த எடுப்புல வெலை கேட்டா மரியாதையா இருக்குமுங்களா? நீங்க கேட்டதே இல்லீங்களே," என்றது இயந்திரம்.

அரை மணி கழித்து அது உற்சாகமாக அழைத்தது. "லாரி கெளம்பிருச்சுங்க அக்கா. வெலையும் நாம சொன்னதுதான்."

"கெட்டிக்காரி! மயில்சாமி எப்படி எறங்கி வந்தாரு?"

"உங்க பொண்ணு யாழினியோட சாதகத்த அனுப்பிட்டனுங்க. ஞாயித்துக்கெழமை பையனக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்க வர்றாரு. யாழினிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"