யாருடைய கட்டில்?

"அலிம் இருக்கிறாரா?"

லா சப்பலின் தமிழ்க் கடைத்தெருவில், வாமதேவனின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் கேட்டவள் ஒரு ஹான் சீனத்தி. கையில் கசங்கிய கடிதவுறை.

குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அலிம் அவளை எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. அவன் சீனாவின் உய்குர் முஸ்லிம். பெரும்பான்மை ஹான் இன அதிகாரிகள் வீடு வீடாக ஆட்களைப் பிடித்துப்போன ஒரு பாலைவனச் சிற்றூரிலிருந்து தப்பி வந்தவன்.

வாமதேவனுக்கா இது விளங்காது? எண்பத்து மூன்று கலவரத்தில், பத்து வயதில், கொழும்பில் மூன்று நாள் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து கிடந்தவர். அந்தக் கதையைக் கேட்காமல் அவருடைய கடையில் ஒருவரும் கொத்துரொட்டி தின்று முடித்ததில்லை.

"ஆற்றை கட்டில், அண்ணை?" என்று ஒருநாள் அலிம், கடையில் பழகிய தமிழில் கேட்டிருக்கிறான்.

"கட்டில் ஆற்றையாயிருந்தால் உனக்கென்ன? மாவைப் பார்."

இப்போது வாமதேவன் குசினிக்குள் விரைந்தார். அலிமின் கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணை, அவ... எங்கடை ஊர்..."

"நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் விளங்குது. உனக்குச் சீனன், எனக்குச் சிங்களவன். பின்கதவாலை வீட்டை போ."

அலிம் அவர் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓடினான். வாமதேவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றார் வந்தவளிடம்.

"இதை மட்டும் பாருங்கள், மிஸ்யூ. இன்றைக்கே நான் ஊரைவிட்டுப் போகிறேன்." கடிதவுறையை நீட்டினாள்.

"பொலிசைக் கூப்பிடவா?"

அவள் பயந்து, மெத்ரோ ரயில் நிலையப் பக்கம் நடந்து மறைந்தாள்.

"உறைக்குள்ளை ஏதோ படம் கிடந்தது அண்ணை. வாங்கிப் பாத்திருக்கலாம்" என்றாள் கவுண்டரில் நின்ற சிவாஜினி.

"பாம்புக்குப் பால் வாக்கச் சொல்லுறியோ, பிள்ளை? அந்தச் சனத்திலை ஒரு நல்ல சீவன் இருக்கெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்!"

இருபது நிமிடத்தில் அலிம் முன்வாசலால் வந்தான். மூச்சு வாங்கியது. கையைப் பிடித்தபடி அவனுடைய எட்டு வயது மகள், பெருநாள் சட்டையில்.

"அவ எங்கை அண்ணை?"

"கலைச்சுவிட்டன். இனிப் பயப்பிடாதை."

அலிம் மகளை முன்னுக்கு இழுத்து நிறுத்தினான்.

"எங்களைப் பிடிச்சுக்கொண்டு போனபோது, இவளைத் தன்ரை பிள்ளையெண்டு சொல்லி ஒரு வருசம் வைச்சுக் காப்பாத்தினது அவதான். அவவுக்குக் காட்டத்தான் இவளைக் கூட்டிவர ஓடினன். விளங்குதெண்டு சொன்னீங்களே, அண்ணை..."

மகளை விட்டுவிட்டு மெத்ரோவுக்கு ஓடினான். திரும்பும்போது தனியாகத்தான் வந்தான்.

வாமதேவன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கதிரையில் குந்தியிருந்தார்.

அந்தக் கட்டில் அடுத்த வீட்டுச் சிங்களத்தி சோமாவதியுடையது. நாற்பது வருசமாக அவர் சொல்லிவரும் கதையில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.