திருடனுக்கு வைத்த பூட்டு

அலுவலகத்தில் இருந்தவனுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, பழைய ரிலே, டிரான்சிஸ்டர் எல்லாம் பத்தவச்சு, காரைத் திருடன் எடுக்க முடியாம ஒண்ணு செஞ்சீங்களே, அது வேலை செய்யுது."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். அதைச் செய்யும்போது வாங்கிய ஷாக்கும் வீட்டில் கேட்ட பேச்சும் வீண்போகவில்லை.

"இஞ்சின் நின்னுடுச்சா?"

"நடு ரோட்டுல நின்னுடுச்சு."

"கதவு?"

"நாலும் பூட்டிக்கிச்சு. உள்ளேயிருந்தும் திறக்க முடியல. ஹாரன் நிக்காம அடிக்குது."

"போன்லயே கேக்குது. அப்புறம்?"

"உள்ள வேர்த்துக் கொட்டுது."

"கொட்டட்டும். ரகசியப் பட்டனை அமுக்காம வண்டியை எடுத்தா அதான் கதி. அது எங்க இருக்குன்னு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

"அதைக் கேக்கத்தான் போன் பண்ணேன்."

"திருடனுக்கெல்லாம் பாவம் பாக்காதே. போலீஸ் வரட்டும்."

"வந்தாச்சு. கண்ணாடி வழியா என்னைத்தான் முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க."

அவன் மெல்ல உட்கார்ந்தான். "உள்ளே இருக்கறது நீயா?"

"ஊருக்குக் கிளம்பின எங்கம்மாவை பஸ் ஏத்திவிடலாம்னு நான்தான் வண்டியை எடுத்தேன். பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க பேசினதெல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுட்டாங்க. பட்டன் எங்கங்க?"

அவன் குரல் அடங்கிப்போயிற்று.

"அவங்க உக்காந்திருக்கற சீட்டுக்கு அடியிலதான். அத்தையைக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லு."