சேத்துல கிடந்த வாளி

கயிறு அறுந்து கிணத்துல விழுந்த வாளி, சேத்துல துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா அடியே ஓட்டையாயிடும். அப்பதான் கொக்கி கொக்கியா இருக்கிற பாதாளக்கரண்டி அதை எடுக்க மேலேருந்து இறங்கி வந்துச்சு.

"உன்னை யாரு கூப்பிட்டா?"ன்னு வாளி சீறுச்சு.

"யாரும் கூப்பிடல. நீ விழுந்த சத்தம் அன்னிக்கே கேட்டுச்சு, இப்பதான் கயிறு கிடைச்சுது."

"இரு, இந்தச் சேத்தைக் கழுவிட்டு நானே ஏறி வர்றேன்."

"எந்தக் காலால? பேசாம கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கு, போதும்."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாளா மேல ஏறக் குதிச்சுக் குதிச்சுப் பழகுனேன்?"

முனகிக்கிட்டே வாளி கைப்பிடியைத் தூக்குச்சு. கரண்டி அதுல கொக்கியை மாட்டி மேல இழுத்துட்டு வந்துச்சு.

ஈரம் காயறதுக்குள்ள, பக்கத்துல இருந்த குடத்துக்கிட்ட வாளி சொல்லுச்சு: "பாவம்டி அந்தக் கரண்டி. நான் மட்டும் பிடிச்சு மேல கொண்டு வரலைன்னா, சேத்துலயே கிடந்து செத்திருக்கும்."