சிவக்காத உலோகம்

நுஸ்ரா முகக்கவசத்தைத் தூக்கியபோது ஒஸ்வல்ட் பாஸ் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நீ போட்டதா தங்கச்சி? இல்ல யூடியூப்புல இருந்து கழட்டி எடுத்ததா?"

இரண்டு அலுமினியத் தகடுகள் ஒன்றாகி, செங்கற்கள் மேல் கிடந்தன. நடுவில் மீன் செதில் போல ஒரே சீரான வெல்ட். இரும்பு மேசையில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். அது அவளுடைய குறிப்புக் கொப்பியில் இருக்கிறது.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஆறு நிமிடம் பேச வேண்டும்.

"உள்ள வாங்க பாஸ். பல்லேபொல சந்தியில வழி பிடிபட்டுச்சா?"

"மிளகுத் தோட்டத்துக்குள்ள எவன்டா அலுமினியம் ஒட்டுறான்னு கேட்டுக் கேட்டு வந்தேன்." அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடியே! அன்னைக்கிக் கைய சுட்டுக்கிட்டு ஓடினியே, அந்தப் புள்ள தானே நீ?"

சுட்டுக்கிட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் வெல்டிங் மாலை வகுப்பிலிருந்து பயிற்சிக்காக அவருடைய பட்டறைக்குப் போயிருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வரவேற்பு உண்டு. அப்போதுதான் வெல்ட் பண்ணிய அலுமினியத் துண்டை பாஸ் கையுறையோடு எடுத்து நீட்டுவார். இரும்பு சூடானால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் உருகும் நொடி வரை அதே வெளிறிய நிறம்தான். வாங்கியவன் அலறிக்கொண்டு கீழே போடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதோடு சரி.

"புடி தங்கச்சி, ஆறிருச்சு."

நுஸ்ரா கீழே போடவில்லை.

வலது கையில் பேனா இருந்ததால் இடது கையில் வாங்கினாள். முதல் நாளே பாஸ் தந்த வேலையைக் கீழே போட்டால் லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள். பல்லைக் கடித்தபடி மேசை வரை கொண்டுபோய் வைத்தாள். ஆறு அடி தூரம்.

தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். பாஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

கட்டில் மீது உட்கார்ந்து, வலது கையால், அவள் கொப்பியில் எழுதினாள்: அவர் கையில் ஒரு துண்டைக் கொடுக்க வேண்டும்.

அதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. மோசமான வெல்டை அவர் தொடவே மாட்டார், தூரத்தில் நின்றே சிரிப்பார். நல்ல வெல்டையும் சூடு பார்க்காமல் தொடமாட்டார். முப்பது வருடம் வேலை செய்த மனிதர்.

முதல் சிக்கலுக்கு எட்டு மாதம் பிடித்தது. அலுமினியத்துக்கென்று தனி பிரஷ். தேய்த்துத் துடைத்தால்தான் தகட்டின் ஆக்சைடு மேல்தோல் விலகும். டோர்ச் முனையின் டங்ஸ்டன் ஊசி உலோகத்தில் பட்டால் கழற்றித் தீட்டி மறுபடி ஆரம்பம். மின்னிக்கொண்டிருந்த தகடு சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டையாய் விழும். மெஷினைப் போட்டால் வீட்டு லைட் மங்கும், "ஃபிரிஜ்ஜக் கொல்லப் போறா இவ" என்று உம்மா கத்துவாள். ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதினாள்: இன்று பரவாயில்லை போலிருக்கிறது. உறுதியில்லை.

இரண்டாவது சிக்கலுக்கு விடை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. விளக்கம் இல்லாமல் ஓர் எண் மட்டும்: மூன்று.

பிறகு வெல்டைப் படம் எடுத்து, பெயர் போடாமல், இடத்தை மட்டும் குறித்து, பாஸுக்கு அனுப்பினாள்.

"நம்ம அலுமினியம்காரன் கட்டாருக்குப் பறந்துட்டான்," என்றார் பாஸ். "திங்கக்கிழம வந்துரு. பொம்புளப் புள்ளன்னு ஒரு பயலும் வாய் தொறக்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வார்த்தைக்காக அவள் எதையும் செய்திருப்பாள். செய்தும் இருந்தாள்.

ஆறு நிமிடம் முடிந்தது. இந்த நேரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு வற்றும். அதுவும் கொப்பியில் இருக்கிறது.

பாஸ் குனிந்தார். துண்டை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பழக்கம்.

"சூடா? பழிவாங்கப் பாக்கிறியோ?" என்று சிரித்தார்.

நுஸ்ரா இடது கையுறையைக் கழற்றினாள். துண்டை வெறுங்கையால் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"புடிங்க பாஸ். ஆறிருச்சு."

ஒன்று.

கை எப்படி இருக்கு என்று இந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒட்டிய தோலில் சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை என்று அவள் சொல்லியிருப்பாள். கொப்புளம் கிளம்ப மூன்று விநாடி ஆகும் என்பதையும்.

இரண்டு.

பாஸ் அவள் கையைப் பார்த்து நிம்மதியானார். பிறகு வெல்டைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்த முகத்தில் அப்படியொரு மரியாதையை நுஸ்ரா பார்த்ததே இல்லை.

வாங்கிக்கொள்ள அவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

கொப்பியில் அவள் ஒரு கையைத்தான் எழுதியிருந்தாள்.

மூன்று.

வைத்தாள்.