நாக்குக்கு அடியில்

பொடி நாக்குக்கு அடியில் விழவும் சட்டைப் பையில் போன் அதிரவும் சரியாக இருந்தது.

எடுத்துப் பார்த்தான். மகள்.

வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். மூடத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியின் போதை மறுவாழ்வுப் பிரிவில் மாத்திரையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். நர்ஸ் ஜெசிந்தா இடித்துப் பொடியாக்கி, தானே நாக்குக்கு அடியில் போடுவாள். கரைகிற வரைக்கும் அவள் கண்முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது. எச்சில் விழுங்கக் கூடாது.

சட்டம் அப்படி. கையில் கொடுத்தால் அது கையோடு நிற்காது, தெருமுனையில் விலைக்கு வந்துவிடும் என்று சட்டத்துக்குத் தெரியும். மகள்கள் எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்பதுதான் அதற்குத் தெரியாது.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மகள் மதியரசி அவனிடம் கடைசியாகப் பேசியது, ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிய நாளில். நிதானத்தில் இருந்தால் மட்டும் பேசு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் நிதானத்துக்கு வந்து மாதக்கணக்காகிறது. அவளிடம் சொல்லவில்லை. இதற்கு முன் எத்தனையோ தடவை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்து, அத்தனை தடவையும் குப்புற விழுந்தவன். இந்தத் தடவை முழுசாகத் தேறி, இனி மருந்தே வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, நேரில் போய் நிற்கலாம் என்று இருந்தான்.

அதனால்தான் சேர்ந்த அன்றே ஜெசிந்தாவிடம் கெஞ்சினான். யாருக்கும் தெரியக் கூடாது. மகளுக்குத் தெரியவே கூடாது.

ஜெசிந்தா சிரித்தாள். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் நாங்கள் ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் என் வேலை போய்விடும் என்றாள். அதுவும் சட்டம்தான். அன்றைக்கு அது அவனுக்கு ரொம்ப நல்ல சட்டமாகத் தெரிந்தது.

போனை எடுத்துவிட்டான். எடுக்காமல் எந்த அப்பனால் இருக்க முடியும்?

"அப்பா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

பேசினால் நாக்கு குழறும். பொடியை அடக்கிக்கொண்டு பேசுகிற வாயும் ஊசி போட்டுக்கொண்டு பேசுகிற வாயும் காதுக்கு ஒன்றுதான். அந்தக் குழறலைக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

துப்பிவிட்டுப் பேசலாம். துப்பினால் இன்னொன்று கிடையாது. நாளை விடிவதற்குள் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், கால்கள் தாமாகவே அந்தப் பழைய சந்துக்குக் கிளம்பும்.

பேசாமல் இருந்தால்? அது எல்லாவற்றையும்விட மோசம். அந்த நாட்களில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சுருண்டு கிடந்தவனும் இவன்தானே.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

மூக்கால் 'ம்' என்றான். அவனுக்கே அது கேட்கவில்லை.

அந்தப் பக்கம் குரல் தணிந்து வந்தது.

"மறுபடியுமாப்பா?"

எழுந்துவிட்டான். போனை ஜெசிந்தாவிடம் நீட்டினான். கண்ணில் நீர் கட்டிவிட்டது. நீங்களாவது சொல்லுங்கள் என்று முகம் முழுக்கக் கெஞ்சினான்.

ஜெசிந்தா வாங்கவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கையும் கலங்கிய கண்ணும் கையெழுத்து ஆகாது. அவனுக்கு ஆத்திரமாக வந்தது. நல்லதுக்குக்கூட வளையாத சட்டம் என்ன சட்டம், நாசமாய்ப் போக.

ஜெசிந்தா மேஜையைச் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். போனை அவள் பார்க்கவேயில்லை. அவன் முகத்தைப் பார்த்து, வராந்தாவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி அதட்டினாள்.

"எத்தனை தடவண்ணே சொல்றது? மருந்து வாயில இருக்கறப்போ பேசக் கூடாதுன்னு! ஒரு நாள் தப்பாம வர்ற ஆளு நீங்க, இன்னைக்கு என்ன வந்துச்சு? பேசாம உக்காருங்க. கரையட்டும். கரைஞ்சதும் யார்கிட்ட வேணாலும் பேசுங்க."

அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

திரும்பிப் போய் அடுத்தவருக்கு மாத்திரை இடிக்க ஆரம்பித்தாள்.

போனில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தான். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுபடி காதில் வைத்தான்.

தூரத்தில் பஸ் ஹாரன். யாரோ பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அதற்கெல்லாம் நடுவில் ஒரு மூச்சு.

பெஞ்சில் உட்கார்ந்தான். பொடி கசந்தது. அதை அவசரப்படுத்த வழி கிடையாது. அடுத்தவர் வந்தார், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

அவள் வைக்கவில்லை.

ஜெசிந்தா டார்ச்சோடு வந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினான். வாயில் ஒன்றுமில்லை. போகலாம் என்று கை காட்டினாள்.

அவன் போகவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"கரைஞ்சிருச்சாப்பா?"

அவன் தலையை ஆட்டினான்.